அளவுள்ள படம்: கோயில் ஊரின் தெருமுகப்புகளும் ஒளிப்பட அளவையியலும்

கோயிலைச் சுற்றி வளர்ந்த ஓர் ஊரில் கோயிலின் வரலாற்றைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அக்கோயிலை நம்பி வாழ்ந்த மக்களின் வரலாற்றையோ பெரும்பாலும் தெருமுகப்புகளே சொல்கின்றன. வழிப்போக்கர் உட்காரத் திண்ணை எவ்வளவு அகலமாக விடப்பட்டது, தூண் மரத்தில் கடைந்ததா செங்கல்லில் எழுப்பிச் சுண்ணாம்பு பூசியதா, சாய்ப்பின் மேல் நாட்டு ஓடு வேயப்பட்டதா பிற்காலத்து மங்களூர் ஓடா, கைப்பிடிச்சுவரில் கட்டியவரின் பெயரும் ஆண்டும் சுதையில் எழுதப்பட்டனவா, அவ்வெழுத்து எந்த மொழியில் உள்ளது என்பன போன்ற விவரங்களிலிருந்து ஒரு தெருவின் வருமானத்தையும் தொழிலையும் விருந்தோம்பலையும் ஒரு வரலாற்றாசிரியர் ஓரளவு மீட்டெடுத்துவிட முடியும். ஆனால் கல்வெட்டைப் படியெடுக்கவும் பதிப்பிக்கவும் நூறாண்டுக்கு மேலான மரபு இருக்க, வீட்டின் முகப்பைப் படியெடுக்கும் மரபு தமிழ்நாட்டில் வலுப்பெறவில்லை. வீடு இடிக்கப்படும்போது அதைப் பற்றிய சான்றும் சேர்ந்தே அழிகிறது.

இந்த இழப்பைத் தடுக்க இன்று கைக்கெட்டும் வழிகளுள் முதன்மையானது ஒளிப்பட அளவையியல், அதாவது ஃபோட்டோகிராமெட்ரி. ஒரே பொருளைப் பல இடங்களிலிருந்து எடுத்த ஒளிப்படங்களைக் கொண்டு, அப்பொருளின் வடிவத்தையும் அளவுகளையும் கணக்கிட்டுப் பெறும் முறையே அது. சாதாரண ஒளிப்படம் ஒரு வீடு எப்படித் தோன்றியது என்று காட்டும்; அளவையியல் முறைப்படி எடுத்த படத்தொகுதியோ அந்த வீட்டின் கதவுநிலை எத்தனை மில்லிமீட்டர் அகலம், சுவர் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, இடிந்துபோனால் எந்த அளவில் திரும்பக் கட்ட வேண்டும் என்பதையும் சொல்லும். இந்த அத்தியாயம் அம்முறையின் இயக்கத்தையும் எல்லைகளையும் திருத்தணி போன்ற ஒரு மலைக்கோயில் ஊரின் சூழலில் வைத்து விளக்குகிறது.

எல்லையோர ஊர்

முருகனின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படும் திருத்தணி, ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளைக் கொண்ட மலைக்கோயிலின் அடியில் பரந்து கிடக்கும் ஊர். மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்திற்குப் பின், 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஊரின் முக்கியச் சாலை ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இத்தகைய எல்லைப்பகுதியில், ஒரு பழைய முகப்பின் மேல் எழுதப்பட்ட பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்பதே மக்கள் வரலாற்றுக்கு ஒரு சான்றாகிறது.

மலைமேல் உள்ள சுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குத் திருப்பணி செய்யவும் குடமுழுக்கு நடத்தவும் அமைப்பு இருக்கிறது. மலையடியில் உள்ள தெருக்களுக்கு அப்படி யாரும் இல்லை. யாத்திரிகர் கூட்டம் பெருகப் பெருக, கோயில் ஊர்களில் திண்ணை வீடுகள் கடைகளாகவும் விடுதிகளாகவும் மாறுவது இயல்பு. வீட்டுக்காரரின் பிழைப்பு அதில் அடங்கியிருப்பதால் எல்லா மாற்றத்தையும் தடுத்து நிறுத்துவது முடியாது, நியாயமும் ஆகாது. மாறுவதற்கு முன் இருந்த நிலையை அளவோடு பதிந்துவைப்பது முடியும். அதற்குச் செலவும் குறைவு.

1858: இரண்டு தொடக்கங்கள்

ஒளிப்பட அளவையியலின் வரலாற்றில் 1858-ஆம் ஆண்டு இருவகையில் குறிப்பிடத்தக்கது. அந்த ஆண்டில் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரப் பேராலயத்தை அளக்கும் பணியில் இருந்த ஆல்பிரெக்ட் மேடன்பவர் என்னும் இளம் கட்டடக்கலைஞர், உயரமான இடத்தில் நின்று அளக்கும்போது கீழே விழவிருந்து தப்பினார். கட்டடத்தின் மேல் ஏறி நாடாவால் அளப்பதற்குப் பதிலாக, தரையில் நின்று எடுத்த ஒளிப்படத்திலிருந்தே அளவுகளைப் பெற முடியாதா என்று அவர் சிந்திக்கத் தொடங்கியது அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே. 1867-இல் அச்சில் வந்த 'ஃபோட்டோகிராமெட்ரி' என்னும் பெயர் அவரது முயற்சியிலிருந்து பிறந்தது. 1885-இல் பிரஷ்ய அரசு பெர்லினில் அவர் தலைமையில் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்த, அது அடுத்த சில பத்தாண்டுகளில் சுமார் 20,000 கண்ணாடித் தகடுகளில் ஜெர்மனியின் முக்கியக் கட்டடங்களைப் பதிவுசெய்தது. இரண்டாம் உலகப்போரில் சிதைந்த கட்டடங்கள் பலவற்றைச் சீரமைக்க அத்தகடுகள் பின்னாளில் பயன்பட்டன.

அதே 1858-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் தஞ்சாவூரில் இருந்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை அவர் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடர்படமாக ஆக்கினார். அப்படத்தின் நோக்கம் அளப்பதன்று. கல்வெட்டைப் படிக்கத்தக்க வகையில் பதிவதே. ஆனால் ஒரு சட்டகத்துக்குள் அடங்காத நீண்ட சுவரை, கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்திப் பல படங்களாக எடுத்து மீண்டும் ஒன்றாக்கும் செயல், இன்றைய தெருமுகப்புப் பதிவின் களவேலையை அப்படியே ஒத்திருக்கிறது. மேடன்பவரின் அளவையும் டிரைப்பின் தொடர்ச்சியையும் இணைப்பதற்குக் கணினி வரவேண்டியிருந்தது.

படத்திலிருந்து அளவு பிறக்கும் விதம்

ஒளிப்படம் எடுக்கும்போது முப்பரிமாண உலகம் தட்டையான பரப்பில் விழுகிறது. அந்த வீழ்ச்சியில் தொலைவு பற்றிய செய்தி தொலைந்துபோகிறது. படத்தில் உள்ள ஒரு புள்ளியைப் பற்றிச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அது கேமராவின் வில்லையிலிருந்து இன்ன திசையில் நீளும் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறது. அதே புள்ளியை வேறோர் இடத்திலிருந்து எடுத்த படத்திலும் அடையாளம் கண்டால் இரண்டாவது கோடு கிடைக்கிறது; இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே அப்புள்ளியின் உண்மையான இருப்பிடம். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இருமுனைக் கோணங்களும் தெரிந்தால் மூன்றாவது முனையைக் கண்டுவிடலாம் என்ற இதே விதியைக் கொண்டுதான், வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை அளந்து, இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களால் மூடிய பெரும் நில அளவைக்குத் தொடக்கம் செய்தார். நிலத்தை அளந்த அம்முக்கோணமே சுருங்கித் தெருவுக்குள் வந்தது எனலாம். இங்கே அடிக்கோடு என்பது கேமரா நின்ற இரு இடங்களுக்கு இடையிலான தொலைவு.

இதற்கு மூன்று விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படமும் எந்த இடத்திலிருந்து, எந்தத் திசையை நோக்கி எடுக்கப்பட்டது என்பது முதலாவது. கேமராவின் குவியத்தூரம், வில்லை நேர்க்கோட்டை எவ்வளவு வளைத்துக் காட்டுகிறது போன்ற உள்ளமைப்பு இரண்டாவது. ஒரு படத்தில் உள்ள எந்தப் புள்ளி மற்றொரு படத்தில் உள்ள எந்தப் புள்ளியோடு பொருந்துகிறது என்பது மூன்றாவது. மேடன்பவர் காலத்தில் முதல் இரண்டையும் தனிக் கருவிகள் செய்தும், மூன்றாவதைக் கண்ணால் தேடியும் பெற்றார்கள். இன்று மூன்றையும் படங்களிலிருந்தே கணினி கண்டுபிடிக்கிறது.

இம்மாற்றத்துக்கு வழிதிறந்தவற்றுள் ஒன்று, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லோ 1999-இல் வெளியிட்ட 'சிஃப்ட்' என்னும் கணிப்புமுறை. படம் பெரிதானாலும் சிறிதானாலும் சுழன்றாலும் மாறாமல் அடையாளம் தரும் நுண்கூறுகளை, அதாவது ஓட்டின் ஒரு மூலையையோ காரை பெயர்ந்த ஒரு வடுவையோ, ஒவ்வொரு படத்திலும் ஆயிரக்கணக்கில் தேடியெடுத்து ஒப்பிடுவது அதன் வேலை. பொருந்திய புள்ளிகள் போதிய அளவில் கிடைத்தபின், கேமரா நிலைகள், வில்லையின் குறைகள், புள்ளிகளின் இருப்பிடங்கள் ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் சிறிது சிறிதாகத் திருத்தி, எல்லாக் கோடுகளும் மிகக் குறைந்த பிழையுடன் சந்திக்கும்படி கணினி சரிசெய்கிறது. ஒவ்வொரு கேமராவிலிருந்தும் விரியும் ஒளிக்கோடுகளின் கற்றைகளை ஒன்றுக்கொன்று இசைவிப்பதால் இதற்குக் கற்றைச் சரிக்கட்டல் என்று பெயர். பின்னர் ஒவ்வொரு பிக்சலுக்கும் தொலைவு கணக்கிடப்பட்டு, கோடிக்கணக்கான புள்ளிகள் கொண்ட புள்ளித்திரள் உருவாகிறது. இம்முறை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 2009-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினரை முதன்மையாகக் கொண்ட குழு ஒன்று காட்டியது: ரோம் நகரில் சுற்றுலாப் பயணிகள் எடுத்து இணையத்தில் இட்ட சுமார் 1,50,000 படங்களை ஒரு நாளுக்குள் பொருத்தி, அந்நகரின் புகழ்பெற்ற கட்டடங்களை முப்பரிமாணத்தில் மீட்டெடுத்தது.

ஒரு தெருவின் கணக்கு

கோட்பாட்டிலிருந்து தெருவுக்கு இறங்கும்போது எண்கள் பேசத் தொடங்குகின்றன. திருத்தணியின் பழைய தெரு ஒன்றில் 60 மீட்டர் நீளத்துக்கு ஒட்டிநிற்கும் வீடுகளின் முகப்பைப் பதிவுசெய்ய ஒரு குழு முற்படுவதாகவும், எதிர்ச்சிறகுக்கும் இச்சிறகுக்கும் இடையே 6 மீட்டர் தொலைவுதான் கிடைப்பதாகவும் கொண்டால், கணக்கு பின்வருமாறு அமையும். 36-க்கு 24 மில்லிமீட்டர் உணரியில் 6000-க்கு 4000 பிக்சல்கள் கொண்ட கேமராவில் 24 மில்லிமீட்டர் குவியத்தூர வில்லையைப் பொருத்தினால், 6 மீட்டர் தொலைவிலுள்ள சுவர் 250 மடங்கு சுருங்கி உணரியில் விழும். ஆகவே ஒரு படத்தில் 9 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் அடங்கும். ஒவ்வொரு பிக்சலும் சுவரில் 1.5 மில்லிமீட்டரைக் குறிக்கும். வரைபடத்தில் கண் பிரித்தறியக்கூடிய மிகமெல்லிய கோடு ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் என்பதால், 1:50 அளவுத்திட்டத்தில் வரையும்போது 12.5 மில்லிமீட்டரும் 1:20-இல் வரையும்போது 5 மில்லிமீட்டரும் பொறுக்கத்தக்க பிழை. இந்தக் கேமரா அவ்விரண்டுக்கும் போதும்.

ஒவ்வொரு புள்ளியும் பல படங்களில் விழவேண்டும் என்பதற்காக அடுத்தடுத்த படங்கள் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி எடுப்பது வழக்கம். அப்படியானால் கேமரா ஒவ்வொரு முறையும் 1.8 மீட்டர் நகர வேண்டும். 60 மீட்டருக்குச் சுமார் 35 இடங்கள். நெஞ்சளவு உயரத்திலிருந்து எடுத்த வரிசையில் தரையிலிருந்து 4.5 மீட்டர் வரைதான் தெரியும் என்பதால், நீண்ட கம்பின் முனையில் கேமராவைக் கட்டி 5 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டாவது வரிசை எடுத்தால் மாடியும் கைப்பிடிச்சுவரும் அடங்கும். ஒவ்வோர் இடத்திலும் நேராக ஒன்று, இடப்புறம் சாய்த்து ஒன்று, வலப்புறம் சாய்த்து ஒன்று என்று எடுத்தால் மொத்தம் சுமார் 210 படங்கள். தூண்களின் பக்கவாட்டும் திண்ணையின் உட்புறமும் அந்தச் சாய்வுப் படங்களில்தான் கிடைக்கும்.

நெருங்கிய படங்களில் ஒரு சிக்கல் உண்டு. 1.8 மீட்டர் அடிக்கோட்டில் 6 மீட்டருக்கு அப்பால் உள்ள புள்ளியை நோக்கும் இரு கோடுகள் மிகக் கூர்மையான கோணத்தில் சந்திப்பதால், பொருத்தத்தில் ஒரு பிக்சல் தவறினால் ஆழத்தில் 5 மில்லிமீட்டர் தவறும். அடிக்கோடு இருமடங்கானால் இப்பிழை பாதியாகும். ஆனால் கேமராக்கள் அளவுக்கு மீறி விலகினால் இரு படங்களும் ஒன்றுபோல் தோன்றாமல் போய்ப் பொருத்தமே கிடைக்காது. எனவேதான் நெருக்கமாக நிறைய எடுத்து, பொருத்தத்துக்கு அண்டைப் படங்களையும் துல்லியத்துக்குத் தொலைவுப் படங்களையும் கணினி பயன்படுத்த இடம்தருகிறார்கள்.

வெயிலும் கம்பிகளும் வெள்ளையடித்த சுவரும்

களத்தில் பிழை பெரும்பாலும் கணக்கால் வருவதில்லை, வெளிச்சத்தால் வருகிறது. திருத்தணி ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் அமைந்திருப்பதால், ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்போது சாய்ப்பின் நிழல் சுவரின் மேல் நீண்டு இறங்கி, நிழலுக்குள் இருக்கும் கதவுநிலையின் செதுக்குவேலையை விழுங்கிவிடும். படமெடுத்து முடிவதற்குள் நிழல் நகர்ந்துவிட்டால், சுவரில் இல்லாத ஒரு விளிம்பைக் கணினி இருப்பதாக எடுத்துக்கொள்ளவும் கூடும். மேகமூட்டமான நாளின் சீரான வெளிச்சமே மிகவும் உகந்தது. வடக்கு நோக்கிய முகப்புகளுக்கு மார்கழி, தை மாதங்களில் நாள் முழுதும் நேர்வெயில் படாது என்பதால், அவற்றைப் பனிக்காலத்திலும் தெற்கு நோக்கியவற்றை சூரியன் வடபுறமாகச் செல்லும் வைகாசி, ஆனியிலும் வைத்துக்கொள்ளலாம். ஆடிக்கிருத்திகையின்போதும், டிசம்பர் 31 இரவு படித்திருவிழாவின்போதும் தெருவெங்கும் பந்தலும் காவடிக்கூட்டமும் நிறைந்திருக்கும் என்பதைக் கருதி நாள் குறிக்க வேண்டும்.

பொருளின் மேற்பரப்பும் ஒத்துழைக்க வேண்டும். காரை பெயர்ந்து செங்கல் தெரியும் சுவரில் நுண்கூறுகள் நிறைய இருப்பதால் பொருத்தம் எளிது. பொங்கலுக்குப் புதிதாக வெள்ளையடித்த சுவரில் ஒரு புள்ளிக்கும் மற்றொரு புள்ளிக்கும் வேறுபாடு இராததால், அங்கே புள்ளித்திரளில் ஓட்டை விழும். அல்லது தட்டையான சுவர் கரடுமுரடாகக் கணக்கிடப்படும். கண்ணாடிச் சன்னலும் எண்ணெய்ச்சாயம் பூசிய கதவும் ஒவ்வொரு கோணத்திலும் வெவ்வேறு ஒளியைத் திருப்பியனுப்பி ஏமாற்றும். மின்கம்பிகள், கேபிள் வடங்கள், விளம்பரத் தட்டிகள், வாசலில் நிறுத்திய வண்டிகள் ஆகியவை முகப்பை மறைக்கும்போது, மறைந்த பகுதி வேறொரு கோணத்திலாவது தெரியும்படி கூடுதல் படங்கள் எடுப்பதே வழி. ட்ரோன் மேற்கூரைக்கும் கோபுரத்துக்கும் பேருதவி செய்யும். ஆனால் கம்பிகள் குறுக்கிடும் ஒடுங்கிய தெருவில் அது ஆபத்தானது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி வான்வெளி மண்டலத்தைச் சரிபார்த்த பின்னரே பறக்கவிட வேண்டும்.

வளையும் தெரு, காக்கும் புள்ளிகள்

படங்களை மட்டும் கொண்டு செய்த முப்பரிமாண உருவுக்கு வடிவம் உண்டு, அளவு கிடையாது. பொம்மை வீட்டையும் உண்மை வீட்டையும் கணினியால் வேறுபடுத்த இயலாது. அளவைத் தருவதற்குத் தெரிந்த நீளம் ஒன்றாவது வேண்டும். முகப்பில் பரவலாக ஒட்டப்படும் கறுப்பு வெள்ளைக் குறியட்டைகளின் இருப்பிடங்களை டோட்டல் ஸ்டேஷன் என்னும் கருவியால், அதாவது கோணத்தையும் தொலைவையும் ஒருங்கே அளக்கும் நில அளவைக் கருவியால், சில மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்து கணக்கில் சேர்ப்பார்கள். இவை கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எனப்படும். டோட்டல் ஸ்டேஷன் கிடைக்காத சிறு குழு, நன்கு அளந்த அலுமினியக் கோல்களைச் சுவரோரம் நிறுத்தியும் தூக்குக்குண்டு கட்டியும் அளவையும் செங்குத்தையும் ஓரளவு பெறலாம்.

நீண்ட தெருவுக்கே உரிய ஒரு பிழை இங்கே கவனத்துக்குரியது. கேமரா ஒரே திசையை நோக்கியபடி பக்கவாட்டில் மட்டும் நகர்ந்து எடுத்த படங்களில், வில்லையின் வளைவுப் பிழை முழுமையாகத் திருத்தப்படாமல் எஞ்சினால், ஒவ்வொரு படத்திலும் கண்ணுக்குத் தெரியாத சிறு தவறு அடுத்ததில் சேர்ந்து சேர்ந்து, நேராக நிற்கும் 60 மீட்டர் வரிசை நடுவில் புடைத்ததுபோல் வளைந்துவிடும். திரையில் பார்க்கும்போது உரு அழகாகவும் முழுமையாகவும் இருக்கும். நம்பிக் கோடு இழுத்தால்தான் தவறு வெளிப்படும். சாய்வுப் படங்களைச் சேர்ப்பதும் தெருவின் இரு முனைகளிலும் நடுவிலும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வைப்பதும் இதற்குரிய மருந்து.

அளந்த புள்ளிகளில் சிலவற்றைக் கணக்கில் சேர்க்காமல் தனியே ஒதுக்கிவைத்து, முடிவில் உருவிலிருந்து பெற்ற இருப்பிடத்தோடு ஒப்பிடுவது நேர்மையான பணியின் அடையாளம். சரிபார்ப்புப் புள்ளிகள் எனப்படும் அவை காட்டும் வேறுபாடே அந்தப் பதிவின் உண்மையான பிழை. அந்த எண் வரைபடத்தின் ஓரத்தில் எழுதப்படாவிட்டால், பின்னால் வருபவர் அதை எவ்வளவு நம்பலாம் என்று அறிய வழியில்லை. இத்தகைய நடைமுறைகளைப் பரப்புவதற்காகவே 1968-இல் சிபா என்னும் பன்னாட்டுக் குழு தொடங்கப்பட்டது. வால்ட்ஹாய்சல், ஓகில்பி என்னும் இருவர் 1994-இல், வடிவியலுக்கு மூன்று, படமெடுத்தலுக்கு மூன்று, ஒழுங்கமைப்புக்கு மூன்று என்று எளிய ஒன்பது விதிகளை வகுத்து, சிறு கேமரா வைத்திருப்பவரும் பயன்தரும் பதிவைச் செய்யலாம் என்று காட்டினர்.

உருவிலிருந்து வரைபடத்துக்கு

கட்டடக்கலைஞருக்கு மிகவும் பயன்படும் விளைபொருள் ஆர்த்தோ படம். சாதாரண ஒளிப்படத்தில் அருகில் உள்ளது பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் தெரியும். ஆர்த்தோ படத்தில் ஒவ்வொரு புள்ளியும் சுவருக்கு நேர்செங்குத்தாக நின்று பார்த்ததுபோல் அமைக்கப்படுவதால், முன்னே நீண்ட திண்ணைக்கும் பின்னே ஒடுங்கிய கதவுக்கும் அளவுத்திட்டம் ஒன்றே. அதன் மேல் அளவுகோலை வைத்து நேரடியாக அளக்கலாம். ஆனால் ஆர்த்தோ படத்தோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பழைய சுண்ணாம்புப் பூச்சு எங்கே முடிந்து சிமெண்டுப் பூச்சு எங்கே தொடங்குகிறது, விரிசல் பூச்சில் மட்டும் உள்ளதா கட்டுமானத்திலும் உண்டா, அடைக்கப்பட்ட சன்னல் முன்னே எந்த வடிவில் இருந்தது என்பதெல்லாம் கட்டுமானம் அறிந்த ஒருவர் சுவரருகே நின்று, படத்தின் மேல் கோடு இழுத்துத் தீர்மானிக்க வேண்டியவை. அறுபது ஆண்டுகள் வீடுகட்டிய கொத்தனார் ஒருவர் அப்போது உடனிருந்தால், கணினி தராத விவரங்கள் பல கிடைக்கும்.

தட்டையற்ற சுவர்களுக்கு வேறு வழி வேண்டும். திருத்தணியிலேயே அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது: பல்லவ மன்னன் அபராஜிதவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நம்பி அப்பி என்பவர் கருங்கல்லில் எடுப்பித்த சிறிய வீரட்டானேசுவரர் கோயில். மன்னனே இயற்றியதாகக் கல்வெட்டு குறிக்கும் தமிழ்ப்பா ஒன்றைத் தாங்கியிருக்கும் இக்கோயில், பல்லவர் பாணி முற்காலச் சோழர் பாணியாக மாறும் கட்டத்தைக் காட்டுவதால் கலை வரலாற்றாளர்களின் தனிக்கவனத்தைப் பெற்றது. படுத்த யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை வடிவில் அமைந்த அதன் பின்சுவரை நேராக நின்று எடுத்தால் ஓரங்கள் சுருங்கிக் காணப்படும். வளைவைச் சுற்றிலும் எடுத்த படங்களிலிருந்து முழு உருவைச் செய்து, அதை ஓர் உருளையின் மேல் வீழ்த்தி, பின்பு உருளையைத் தாளாக விரித்தால், வளைந்த சுவரின் கற்களும் அரைத்தூண்களும் கோட்டங்களும் அவற்றின் உண்மையான இடைவெளியோடு ஒரே தாளில் கிடக்கும். கையால் அளந்து வரைவதற்கு நெடுநாள் பிடிக்கக்கூடிய இவ்வேலையில், இம்முறையின் வலிமை வெளிப்படையாகத் தெரிகிறது.

இழந்தபின் தெரியும் மதிப்பு

திருத்தணிக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால் உள்ள காளஹஸ்தியில், கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. விரிசல்கள் முன்னரே கண்ணில் பட்டிருந்தன. அதே இடத்தில் புதிய கோபுரம் எழுந்து 2017-இல் குடமுழுக்குக் கண்டது. புதுச்சேரிக் கடற்கரையில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட நகர்மன்றக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் இரண்டு பயன்கள் தெளிவாகின்றன. அளவோடு கூடிய பதிவு இருந்தால் மறுகட்டுமானம் ஊகத்துக்கு இடமின்றி நடக்கும். அதே பதிவை ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்து முந்தையதோடு ஒப்பிட்டால், சுவர் சாய்வதையும் விரிசல் அகல்வதையும் விழுவதற்கு முன்பே எண்களில் காணலாம். ஆனால் பதிவின் பிழை 5 மில்லிமீட்டர் என்றால், 3 மில்லிமீட்டர் அசைவை அதில் தேடுவது வீண். கண்காணிப்புக்கு எடுக்கும் படங்கள் இன்னும் நெருக்கமாகவும், மாறாத கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடும் இருக்க வேண்டும்.

அளவையியல் ஒழுங்கில் எடுத்த படத்துக்கும் பொழுதுபோக்காக எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் உணர்த்துகின்றன. 2001 மார்ச்சில் அவை தகர்க்கப்பட்டபின், சூரிச் கூட்டரசுத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆர்மின் குருயன் தலைமையிலான குழு பெரிய சிலையைப் படங்களிலிருந்து கணினியில் மீட்டது. இணையத்தில் கிடைத்த படங்களையும் சுற்றுலாப் படங்களையும் அக்குழு முயன்றுபார்த்தது. எனினும் 1970-இல் ஆஸ்திரியப் பேராசிரியர் ராபர்ட் கோஸ்ட்கா அளவைக் கேமராவால் எடுத்திருந்த சில படங்களிலிருந்துதான் மிகவும் நம்பத்தக்க உரு கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த படங்கள் ஒரு நாளில் ஈடற்றவையாயின.

பழைய படங்களுக்கும் இங்கே மறுவாழ்வு உண்டு. 1955-இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பில் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் காட்டும் 1,60,000-க்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் உள்ளன. ஒரு பழைய படத்தில் தெரியும் கட்டடத்தின் சில பகுதிகள் இன்றும் நின்றால், அவற்றை இன்று அளந்து, அப்பழைய கேமரா அன்று எங்கே நின்றது என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, மறைந்துபோன பகுதியின் அளவை ஓரளவு பெறமுடியும். இன்று நிற்பதை அளப்பது நேற்று மறைந்ததையும் மீட்கத் துணைசெய்கிறது.

தெரு முழுவதும் ஒரே ஆவணம்

தனி வீட்டைவிடத் தெருவின் தொடர்ச்சியே பெரிய மதிப்புடையது என்பதைப் புதுச்சேரி வைசியாள் வீதி காட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ் 2002-க்கும் 2004-க்கும் இடையே, இந்தியத் தேசியக் கலை பண்பாட்டு மரபு அறக்கட்டளையான இன்டாக் ஈடுபாட்டோடு, அத்தமிழ்த் தெருவின் முகப்புகள் ஒருசேரச் சீரமைக்கப்பட்டன; 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது அதற்குக் கிடைத்தது. திண்ணையும் தூண்வரிசையும் சாய்ப்பும் வீட்டுக்கு வீடு தொடர்ந்து ஓடும்போதுதான் தெருவுக்கு ஓர் உருவம் அமைகிறது. நடுவில் ஒரு வீடு போனாலும் அத்தொடர் அறுந்துவிடும். தெருநீள ஆர்த்தோ படம் ஒன்று கையில் இருந்தால், புதிதாகக் கட்டுபவர் அண்டை வீட்டின் சாய்ப்பு மட்டத்தையும் திண்ணை உயரத்தையும் அறிந்து அதனோடு ஒட்டிக் கட்டவும், நகராட்சி அதைக் கருதி அனுமதி வழங்கவும் முடியும்.

இப்பணியில் வீட்டுக்காரரின் ஒப்புதல் சடங்காகிவிடக் கூடாது. முகப்பு தெருவை நோக்கியிருந்தாலும் வீடு அவருடையது. திறந்த கதவு வழியே உள்வீடு பதிவானால் அதை நீக்குவதும், முடித்த வரைபடத்தின் ஒரு படியை அவருக்குக் கொடுப்பதும் கடமை. தன் வீட்டுத் தூணின் அளவும் ஆண்டும் அச்சிட்ட தாளில் இருப்பதைப் பார்க்கும் குடும்பம், அதை இடிப்பதற்கு முன் ஒருமுறை யோசிக்கக்கூடும். அதேபோல், முப்பரிமாண உருவை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்படங்களை அழித்துவிடுவது பெருந்தவறு. கணிப்புமுறைகள் ஆண்டுதோறும் முன்னேறுவதால், மாற்றம் செய்யாத மூலப்படங்களும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் அளவுகளும் எடுத்த நாளும் கேமரா விவரமும் இருந்தால், இன்று கிடைப்பதைவிடச் சிறந்த உருவை இருபது ஆண்டுகளுக்குப்பின் அதே தரவிலிருந்து பெறலாம். அவற்றை ஒரே கணினியில் வைக்காமல், குறைந்தது இரண்டு நிறுவனங்களில் தனித்தனியே சேமிப்பது அறிவுடைமை.

ஒரு கேமரா, ஒரு கம்பு, குறியட்டைகள், வாடகைக்கு எடுத்த டோட்டல் ஸ்டேஷன், இலவசமாகக் கிடைக்கும் திறந்தமூல மென்பொருள், பயிற்சி பெற்ற நான்கைந்து மாணவர்கள் என்ற அளவில் ஒரு தெருவின் பதிவு நடந்துவிடும் என்பதால், இதற்குப் பெரிய திட்டங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டடக்கலைக் கல்லூரியோ பொறியியல் கல்லூரியோ அருகிலுள்ள ஒரு கோயில் ஊரை ஏற்றுக்கொண்டு, இடிபடும் வாய்ப்புள்ள முகப்புகளை முதலிலும் மற்றவற்றைப் பின்னரும் பதிந்து, பிழையளவையும் சேர்த்து நகராட்சியிடமும் மாவட்ட அருங்காட்சியகத்திடமும் ஒப்படைத்தால், சில ஆண்டுகளில் ஊர்களின் முகப்புகள் கல்வெட்டுகளைப்போலவே தொகுக்கப்பட்டு ஆய்வுக்குக் கிடைக்கும். கல்வெட்டுக்குச் செய்த மரியாதையைச் செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் செய்ய இன்று கருவியும் அறிவும் உள்ளன. தேவைப்படுவது, வீடு நிற்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும் என்ற தீர்மானம்.